வாட்ச்மேன் திருப்பிய நாற்காலி

எங்கள் விடுதி அறையில் வாட்ச்மேன் என்று ஒருத்தி இருந்தாள். ஒரு பெண்ணுக்குப் போய் இப்படியா பேர் வைப்பார்கள் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வைத்தது நான்தான், பொருத்தமாகத்தான் வைத்தேன். நான்கு கட்டில் போட்ட அறை அது. ஜன்னலோரம் நெட்டை, அவளுக்கு எதிரே நான், கதவோரம் வாட்ச்மேன். நான்காவது கட்டிலுக்கு ஆள் இல்லை. ஈரத் துணிகளும், காலிப் பெட்டிகளும், யாருடையது என்றே தெரியாத ஒரு குடையும் அதில் குடியிருந்தன.

வாட்ச்மேன் காவல் காத்தது எங்களை அல்ல, எங்கள் வீடுகளை. அப்பா அம்மா இருக்கும் வீடு இல்லை, போனுக்குள் இருக்கும் வீடு. அந்த வருடம் கல்லூரியில் பாதிப் பேர் ஒரு விளையாட்டில் விழுந்து கிடந்தார்கள். உலகம் அதை ஆடி அலுத்து எத்தனையோ வருடம் கழித்துத்தான் அது எங்கள் விடுதிக்கு வந்து சேர்ந்தது. எங்களுக்கு எல்லாமே அப்படித்தான். அதில் ஆளுக்கொரு மனை கொடுப்பார்கள். வீடு கட்டலாம், தோட்டம் போடலாம், பூனை வளர்க்கலாம், பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டையும் போடலாம். நமக்காக அங்கே நடமாடும் உருவத்தைப் பொம்மை என்போம். கவனிக்காமல் விட்டால் செடி வாடும், பூனை ஓடிப்போகும். ஒரு வாரம் எட்டிப் பார்க்காவிட்டால் மனையையே பிடுங்கி வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். நிஜத்தில் குடித்த டம்ளரைக் கழுவி வைக்கத் துப்பில்லாதவர்கள் எல்லாம் அங்கே போய் விழுந்து விழுந்து வாசல் கூட்டினார்கள். எனக்கு இந்தக் கூத்தே ஆகாது. பார்ப்பேன், சிரிப்பேன், என் வேலையைப் பார்த்துக்கொண்டு போவேன்.

வாட்ச்மேன் கல்லூரிக்கு வந்தபோது அவள் கையில் இருந்தது பட்டன் போன். அப்பா லாரி ஓட்டுபவர். அம்மா ஒரு பெரிய சலவை நிலையத்தில் இஸ்திரி போடுபவர். இவளுக்குக் கீழே இன்னும் மூன்று உருப்படிகள். வீட்டுக்கு மூத்தவள் என்பது அவள் நடையிலேயே தெரியும். எங்கே போனாலும், பின்னால் வருகிறவர்கள் யாராவது விழுந்து வைத்தார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் நடப்பாள். முதல் வருடம் பாதி போன பிறகு சித்தப்பா தன் பழைய ஸ்மார்ட் போனைக் கொடுத்தார். அன்று சாயங்காலமே வகுப்பில் இருந்த அத்தனை பேரையும் தேடிப் பிடித்து, அவர்களுடைய ஆதிகாலத்துப் படங்களைத் தோண்டித் தோண்டி லைக் போட்டாள். ஒருத்தி பள்ளியில் படிக்கும்போது பல்லுக்குக் கம்பி கட்டிக்கொண்டு எடுத்த படம் ஒன்று, ஊரே மறந்துபோனது. அதன் கீழே "மிகவும் அழகாக இருக்கிறாய். உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளவும்" என்று முற்றுப்புள்ளியெல்லாம் வைத்து எழுதினாள். அந்தப் படம் மறுபடி மேலே வந்து எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டது. படத்துக்குச் சொந்தக்காரி எங்கள் அறை வாசலில் வந்து நின்று கத்திய கத்தலில் வார்டனே ஓடி வந்தார்.

"நல்லாதான இருந்தது? அதான் எழுதினேன்" என்றாள் வாட்ச்மேன், எதற்குத் திட்டு விழுந்தது என்பதே விளங்காமல்.

ஆனால் விடமாட்டாள். எதைத் தொட்டாலும் கற்றுக்கொண்டுவிட்டுத்தான் மறுவேலை. எந்த ஆப்பில் என்ன பேசலாம், எதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்க வேண்டும், 'சரி' என்று முழுசாக எழுதினால் கோபம் என்று ஏன் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதையெல்லாம் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தாள். இரண்டாம் வருடம் தொடங்குவதற்குள் எங்களுக்கே சந்தேகம் வந்தால் அவளைத்தான் கேட்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

காவல் வேலை தானாக வந்து சேர்ந்தது. அடுத்த அறைக்காரி காய்ச்சலில் படுத்தபோது, செடிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிவிடு என்று பாஸ்வேர்டைக் கொடுத்தாள். வாட்ச்மேன் தண்ணீர் ஊற்றியதோடு நிற்காமல் தரையைக் கூட்டி, சாய்ந்திருந்த படங்களை நிமிர்த்தி, கோணலாகக் கிடந்த மேசை நாற்காலிகளை வரிசைப்படுத்தி, ஓடிப்போன பூனையையும் எங்கிருந்தோ பிடித்து வந்து கட்டிப்போட்டுவிட்டு வந்தாள். காய்ச்சல்காரி எழுந்து பார்த்துவிட்டு, இது என் வீடுதானா என்று கேட்டாளாம். செய்தி பரவிவிட்டது. விடுமுறைக்குப் போனால் சிலருடைய அப்பா போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார், சிலருக்குப் பரீட்சை, சிலருக்குக் காதல் முறிந்து போனைத் தொடவே பிடிக்காது. அத்தனை பேருடைய சாவியும் இவள் கைக்கு வந்தது. கூலி கிடையாது. காலையில் குளியலறை வரிசையில் அவளை யாரும் மறிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். எங்கள் விடுதியில் அது ராஜமரியாதை.

வீடு மட்டுமா? தினமும் ஒருத்திக்கு ஒருத்தி ஒரு படமாவது அனுப்பிக்கொள்ள வேண்டும், ஒரு நாள் விட்டால் போயிற்று என்று கணக்கு வைத்திருக்கும் சிநேகிதிகள் இருந்தார்கள் அல்லவா? அவர்களுக்கும் இவள்தான் கதி. ஒருத்தி எப்போதும் மின்விசிறியைத்தான் அனுப்புவாள், இன்னொருத்தி பாதி நெற்றியை. இவள் அவரவர் வழக்கப்படி அனுப்புவாள். ஒரு நாள் நான் படித்துக்கொண்டிருக்கும்போது என் முகத்துக்கு நேரே போனை நீட்டினாள்.

"ஏய், என் நெத்தி எதுக்குடி உனக்கு?"

"அசையாத. அவ நெத்தியும் உன் நெத்தியும் ஒரே அகலம்."

இப்படி என் நெற்றி யார் யாருக்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் தலையில் அடித்துக்கொண்டதோடு சரி.

இனி நெட்டைக்கு வருகிறேன். அவள் கட்டுமானப் பொறியியல் படித்தாள். பேருக்கேற்ற ஆள். கோபம் வந்தால் கத்தமாட்டாள், பேச்சை நிறுத்திவிடுவாள், அதுதான் பயங்கரம். அவளுக்கு ஒரே ஒரு அக்கா, வெளிநாட்டில் வேலை. இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அந்த விளையாட்டில் கூட்டாக ஒரு வீடு கட்டியிருந்தார்கள். கூட்டு வீட்டுக்கு இரண்டு சாவி. இரண்டு பேருமே வந்து போய்க்கொண்டிருந்தால்தான் வீடு நிற்கும். ஒருத்தி ஒரு வாரம் வராமல் போனாலும் மனை போய்விடும்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆனது நெட்டைக்குப் போனைப் பார்த்துத்தான் தெரியும். வகுப்பில் பக்கத்தில் இருந்தவள், "இது உங்க அக்கா இல்ல?" என்று காட்டியிருக்கிறாள். பதிவு அலுவலக வாசலில் கையில் பூங்கொத்தோடு அக்கா, பக்கத்தில் ஒருவன். கீழே நூற்றுக்கணக்கில் வாழ்த்து. அப்பா அம்மாவுக்கு முன்னாலேயே தெரியுமாம். இவளுக்குப் பரீட்சை நேரம், மனசு அலைபாயும், முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று மூன்று பேரும் கூடிப் பேசி வைத்திருந்தார்களாம். மாப்பிள்ளையின் சிநேகிதன் எவனோ அவசரக்குடுக்கை, படத்தைப் போட்டுத் தொலைத்துவிட்டான்.

"ஊரே லைக் போட்டு முடிச்சதுக்கு அப்புறம் எனக்குத் தெரியுது. அப்ப நான் யாருடி அவளுக்கு?" என்று அன்று எங்களிடம் கேட்டாள். அதற்குப் பிறகு ஒரு வருடம் அக்கா என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை. எல்லா இடத்திலும் பிளாக். போன் வந்தால் எடுப்பதில்லை. கூட்டு வீட்டில் மட்டும் பிளாக் செய்ய வழி இல்லை. காலையில் பல் தேய்த்துக்கொண்டே உள்ளே போவாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள், வந்துவிடுவாள். அக்கா வேறு நேரத்தில் வந்து, உதிர்ந்த இலையைக் கூட்டி, ஜன்னலைச் சாத்திவிட்டுப் போவாள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதில்லை.

"அவ்ளோ கோவம்னா விட்டுத்தொலைக்க வேண்டியதுதான? மனை போனா போகட்டும்" என்றேன் ஒரு தடவை.

"தோட்டம் நான் போட்டது" என்றாள். தோட்டத்துக்காக இல்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அப்புறம் நில அளவை முகாம் வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ கூடாரம் போட்டு, முக்காலியும் கருவியும் சங்கிலியுமாக இரண்டு வாரத்துக்கு மேல் திரிய வேண்டும். சிக்னல் என்ற பேச்சுக்கே இடமில்லை. கிளம்பும் நாள் காலையில், ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டே நெட்டை வாட்ச்மேனிடம் சாவியை ஒப்படைத்தாள்.

"உள்ள போ. செடிக்குத் தண்ணி ஊத்து. வந்துடு. வேற எதையும் தொடாத, புரியுதா? எதையும்."

"தொடமாட்டேன்."

"உன் கையைப் பத்தி எனக்குத் தெரியும். அதான் சொல்றேன்."

"தொடமாட்டேன்னு சொல்றேன்ல, போடி" என்றாள் வாட்ச்மேன். சொன்னபடி முதல் சில நாள் நல்லபிள்ளையாகத்தான் இருந்தாள்.

வினை ஒரு சனிக்கிழமை வந்தது. அன்று வகுப்பு இல்லை. துணி துவைத்துப் போட்டுவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்து வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். நாலைந்து வீட்டில் கூட்டிப் பெருக்கி வரிசைப்படுத்திய கை, அதே வேகத்தில் நெட்டையின் வீட்டுக்குள் போயிருக்கிறது. அந்த வீட்டில் மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. இந்தப் பக்கத்து நாற்காலி மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றது. அந்த விளையாட்டில் விரல் தவறி இரண்டு தடவை பட்டால் நாற்காலி தானாகத் திரும்பிவிடும். பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் இப்படிச் சுவரைப் பார்த்த நாற்காலி இருக்கும். வாட்ச்மேன் அதை மேசையைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள். போட்ட பிறகுதான் 'எதையும் தொடாத' என்றது ஞாபகம் வந்ததாம். ஒரு நாற்காலிதானே என்று வந்துவிட்டாள்.

மறுநாள் காலை, நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் பேயறைந்த மாதிரி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இதைப் பாரேன்."

அந்த வீட்டுச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. அதில் ஒரு வரி எழுதி வைக்கலாம். அடுத்த வரியை எழுதினால் முந்தையது அழிந்துவிடும். ஒரு வருடமாக வெறுமையாகக் கிடந்த அந்தப் பலகையில், 'நாற்காலி நல்லா இருக்கு' என்று எழுதியிருந்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. நாற்காலி விரல் தவறித் திரும்பவில்லை. நெட்டைதான் ஒரு வருடத்துக்கு முன்னால், வேண்டுமென்றே, உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று திருப்பிப் போட்டிருக்கிறாள். அக்கா அதைத் தினமும் பார்த்துக்கொண்டு, தொடாமல் போயிருக்கிறாள். இப்போது தங்கை திரும்பி உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, அந்த அக்கா அங்கே எங்கேயோ உட்கார்ந்து சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறாள்.

"பழையபடி திருப்பி வச்சுட்டு ஓடி வந்துடு" என்றேன்.

"வச்சா? அவங்க என்ன நெனப்பாங்க? ஒரு நாள் திரும்பிட்டு மறுபடி மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்னு நெனக்கமாட்டாங்க? அதோட அவங்க வர்றதையே நிறுத்திட்டா? வீடே போயிடும். இவ வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"அப்ப உண்மையச் சொல்லு. நான் தங்கச்சி இல்ல, செடிக்குத் தண்ணி ஊத்த வந்தவன்னு எழுது."

"அது இன்னும் மோசம். வீட்டை வேலைக்கு ஆள் வச்சுப் பாத்துக்கறான்னு ஆயிடும்."

நெட்டைக்குச் செய்தி அனுப்பினோம். போய்ச் சேரவில்லை. முகாம் அலுவலக எண்ணை வாங்கிக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அன்று வாட்ச்மேன் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். ஒரு வருடமாக அக்கா தங்கை இரண்டு பேருக்கும் நடுவில் மிச்சம் இருந்தது அந்த ஒரு வீடுதான். அது தன் கையால் போகப்போகிறது என்று அவளுக்கு ஒரே பயம். கடைசியில் பலகையில் 'ம்' என்று எழுதினாள். நெட்டையாக இருந்தாலும் அதைத்தான் எழுதுவாள், அதில் பொய் இல்லை என்று என்னிடம் விளக்கம் வேறு.

மறுநாள் பலகையில் 'சாப்டியா?' என்று இருந்தது.

'சாப்டேன்.'

'என்ன சாப்ட?'

'ஹாஸ்டல் சாப்பாடுதான். வாயில வைக்க முடியல.'

அடுத்த நாள், 'கிளாஸ் எப்படிப் போகுது?'

'ரெண்டாவது பீரியட்ல தூங்கிட்டேன். தலைவலி.'

'அடிக்கடி வருதா? கண்ணு செக் பண்ணு. போனை முகத்துக்கிட்ட வச்சுப் பாக்காத.'

தலைவலி வாட்ச்மேனுக்கு. தூங்கியதும் வாட்ச்மேன். அங்கே மலையில் நெட்டை கிடாக்குட்டி மாதிரி ஆரோக்கியமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாள்.

"யார் பேர்ல பேசிட்டு இருக்கேன்னு ஞாபகம் இருக்கா உனக்கு?" என்றேன்.

"நான் ஒரு பொய்யும் எழுதலையே."

"அடிப்பாவி. எழுதினது எல்லாம் உண்மை, எழுதின ஆள்தான் பொய்."

ஆனால் ஒன்று கவனித்தேன். காலையில் எழுந்ததும் அவள் முதலில் போவது அந்த வீட்டுக்குத்தான். மற்ற வீடுகளின் செடி எல்லாம் மத்தியானம் வரை காய்ந்தது. ஒருத்தியின் பூனை மறுபடி ஓடிப்போனது. மின்விசிறி படத்தை நெற்றிக்காரியின் பேரிலும், என் நெற்றியை மின்விசிறிக்காரியின் பேரிலும் மாற்றி அனுப்பி, அது ஒரு தனி ரகளை. வாட்ச்மேன் கண்டுகொள்ளவே இல்லை. வகுப்பு இடைவேளையில் கண் பரிசோதிக்கக் கல்லூரி மருத்துவ அறைக்குப் போய் நின்றாள். கண்ணாடி போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதையும் பலகையில் எழுதினாள். 'பாத்தியா, நான் சொன்னேன்ல. வட்டமா எடுக்காத, உன் மூஞ்சிக்குப் பொருந்துமான்னு போட்டுப் பாத்து எடு' என்று பதில் வந்தது. படித்துவிட்டு, தன் முகம் என்ன வடிவம் என்று என்னைக் கேட்டாள். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

முகாம் முடிய இன்னும் சில நாள் இருக்கும்போது பலகையில் வேறு மாதிரி ஒரு வரி வந்தது.

'உன்கிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும். தப்பு என்மேலதான்.'

வாட்ச்மேன் அதை வைத்துக்கொண்டு வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முதல் பீரியட் போயிற்று.

"என்ன எழுதப் போற?" என்று கேட்டேன்.

"எதுவும் எழுதமாட்டேன். இது என்கிட்ட சொன்னது இல்ல. இதுக்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை கிடையாது." போனைக் கவிழ்த்து வைத்தாள். "நான் தொட்டிருக்கவே கூடாதுடி."

அன்று செடிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள். மறுநாள் பலகையில், 'சரி, விடு. தலைவலி போச்சா?' என்று இருந்தது. அதற்கும் அவள் பதில் எழுதவில்லை. எழுதினால் அந்த வரி அழிந்துவிடுமே என்று, தினமும் போய் அதைப் பார்த்துவிட்டு மட்டும் வந்தாள்.

நெட்டை ஒரு மத்தியானம் வந்து சேர்ந்தாள். வெயிலில் கறுத்து, தலையெல்லாம் செம்மண். முதுகுப் பையைக் கழற்றக்கூட விடவில்லை வாட்ச்மேன்.

"நாற்காலியத் திருப்பிட்டேன்."

நெட்டை அப்படியே நின்றாள். எந்த நாற்காலி என்று கேட்கவில்லை.

"எந்தப் பக்கம்?"

"மேசைப் பக்கம். தெரியாம பண்ணிட்டேன், சத்தியமா தெரியாது. அப்புறம் அவங்க எழுதினாங்க. நான் பதில் எழுதிட்டேன். கொஞ்ச நாள் எழுதினேன். மன்னிப்புக் கேட்டாங்க, அதுக்கு மட்டும் எழுதல."

பை கீழே விழுந்தது. நெட்டை கத்தி நான் முதல் தடவையாக அன்றுதான் கேட்டேன்.

"உன்னை யாருடி தொடச் சொன்னது? ஒரு வருஷமா நான் எவ்ளோ கஷ்டப்பட்டுக் கோவமா இருக்கேன் தெரியுமா? தினமும் காலைல போயி, அந்த நாற்காலியப் பாத்து, திருப்பிடலாமா திருப்பிடலாமான்னு தோணும். பல்லைக் கடிச்சுட்டு வந்துடுவேன். நீ யாரு அதைத் திருப்பறதுக்கு?"

வாட்ச்மேன் சுவரோடு சுவராக நின்றாள்.

நெட்டை போனைச் சார்ஜில் குத்தினாள். உயிர் வந்ததும் வீட்டுக்குள் நுழைந்தாள். நாற்காலியைப் பழையபடி சுவரைப் பார்க்கத் திருப்பப் போகிறாள் என்பது அவள் விரல் போன வேகத்திலேயே தெரிந்தது. ஆனால் உள்ளே ஆள் இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் அக்காவின் பொம்மை உட்கார்ந்திருந்தது. இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் செய்த பொம்மையை மாற்றவே இல்லை. அதனால் அங்கே நெட்டை இன்னும் அக்காவின் தோள் உயரம்தான் இருந்தாள். நானும் வாட்ச்மேனும் பின்னால் நின்று எட்டிப் பார்த்தோம். வெட்கம் கெட்ட வேலைதான், ஆனாலும் யாராலும் நகர முடியவில்லை.

நெட்டை டைப் செய்தாள்: 'நாற்காலிய நான் திருப்பல.'

'தெரியும்.'

'எப்ப தெரியும்?'

'பாத்த அன்னிக்கே. பொறந்ததுலேருந்து நீ எந்த நாற்காலிய ஒழுங்கா போட்டிருக்க? துவைச்ச துணியும் துவைக்காத துணியும் அதுமேலதான கெடக்கும்.'

நான் வாட்ச்மேனைப் பார்த்தேன். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

'நான் இல்லன்னு தெரிஞ்சே பேசினியா?'

'ம்.'

'ஏன்?'

அந்தப் பக்கம் ஏதோ எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தது.

'உன்கிட்ட கேக்க முடியல. சாப்டியான்னு யார்கிட்டயாவது கேக்கணும்ல. மன்னிப்பையும் எழுதிப் பாத்துக்கிட்டேன், நீ வந்தா சொல்றதுக்கு. அந்தப் பொண்ணைத் திட்டாத.'

நெட்டை மூக்கை உறிஞ்சினாள். 'லூசு' என்று எழுதினாள். 'நீதான்' என்று வந்தது. அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் சட்டென்று நடந்தது. பிளாக்கை எடுத்தாள், போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள், அக்காவுக்கே நேராகக் கூப்பிட்டாள். சமாதானம் பேசினாள் என்று நினைக்க வேண்டாம். பரீட்சையாம் பரீட்சை, நான் என்ன குழந்தையா, அவன் மூஞ்சியை நான் முன்னூறு பேரோட சேர்ந்து பார்க்கணுமா என்று ஒரு வருடத்துச் சண்டையையும் மொத்தமாகப் போட்டாள். அழுகையும் கத்தலுமாக விடுதியே எட்டிப் பார்த்தது. எனக்கு மனசு லேசாகிவிட்டது. பேச்சை நிறுத்துகிறவள் கத்துகிறாள் என்றால் நல்லதுதான்.

அறைக்குள் வாட்ச்மேன் நெட்டை போட்டுவிட்டுப் போன பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதை எடுத்து ஓரமாக வைக்கக்கூட இல்லை.

"அப்ப, தலைவலி போச்சான்னு கேட்டது?" என்றாள் மெதுவாக.

"அதுக்கென்ன?"

"தங்கச்சின்னு நெனச்சுக் கேக்கறாங்கன்னுதான் நான் நெனச்சுட்டு இருந்தேன். கண்ணாடி, மூஞ்சிக்குப் பொருந்துதான்னு பாக்கச் சொன்னது, எல்லாம்."

"இல்லன்னு தெரிஞ்சே கேட்டிருக்காங்க. உன்னைத்தான் கேட்டிருக்காங்க."

அவள் தலையை ஆட்டினாள். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டாள். அந்தப் பழைய போனில் காதில் வைத்துக் கேட்பது செத்துப்போய் எத்தனையோ மாதம். ஸ்பீக்கரில்தான் பேச முடியும். அவள் வீட்டு நிலவரம் முழுக்க எங்களுக்கு அத்துப்படி. எப்போதும் அவள்தான் கேட்பாள். தம்பிக்கு ஜுரம் விட்டதா, அப்பா லாரி வந்ததா, நீ மாத்திரை போட்டியா, சின்னவள் பள்ளிக்கூடம் போனாளா. அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "சரி வெக்கிறேன், வேலை கெடக்கு" என்று வைத்துவிடுவார்.

"என்னடி, இந்த நேரத்துல?" என்றார் அம்மா. பின்னால் இஸ்திரி இயந்திரம் ஆவி விடும் சத்தம்.

"ஒண்ணுமில்லம்மா."

"ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாதான் இருக்கேன்."

"பின்ன எதுக்குப் போன் பண்ண? ஏதாவது கேக்கணுமா?"

"இல்ல. நீ ஏதாவது கேளேன்."

"நான் என்னத்தடி கேக்கறது?"

"எதையாவது. என்னைப் பத்தி எதையாவது கேளும்மா."

அந்தப் பக்கம் ஆவிச் சத்தம் மட்டும் கேட்டது. கட்டாகிவிட்டதோ என்று நானே தலையைத் தூக்கிப் பார்த்தேன். பிறகு அந்த அம்மா, பழக்கமில்லாத ஆளிடம் பேசுவதுபோல் கூச்சப்பட்டுக்கொண்டு, "நல்லா தூங்கறியா?" என்று கேட்டார்.

வாட்ச்மேன் "ம்" என்றாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. புடவைத் தலைப்பு மாதிரி போர்வை நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். "என்னடி, லைன்ல இருக்கியா? தூங்கறியான்னு கேட்டேன்" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார்.